எனக்குப் பிறகு அந்தக் கோப்பை

இதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்து, எழுதாமல் எழுந்து போனது எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. மகளுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று ஒரு காலம் தள்ளினேன். ஆனது. மகனுக்கும் ஆகட்டும் என்றேன். அதுவும் ஆனது. பேரப்பிள்ளைகள் வந்தார்கள். அவர்களுக்கும் ஒரு நாள் பெண் பார்க்க, மாப்பிள்ளை பார்க்க ஆள் வருமே என்று மறுபடியும் பேனாவை மூடி வைத்துவிட்டேன். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் நான்காவது வரை படித்தவள். வேதம் வாசிப்பேன், பாட்டுப் புத்தகம் வாசிப்பேன், அதற்கு மேல் எழுதிப் பழக்கமில்லை. அதையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். உண்மையில் தடுத்தது வெட்கம்தான். கர்த்தர் என் வெட்கத்தை மூடிய கதையைச் சொல்லவே வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். போன மாதம் சபையில் சாட்சி சொல்லும் நேரத்தில் ஓர் இளம்பெண் எழுந்து நின்றாள். வாயைத் திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டாள். அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். என் முகமே ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. அன்று சாயங்காலமே எழுத ஆரம்பித்தேன்.

பெயர் எதுவும் எழுதவில்லை. இருப்பவர்கள் மனம் நோகக் கூடாது, போனவர்களிடம் இனிமேல் அனுமதி கேட்கவும் முடியாது.

ஜப்பான்காரன் காலம் அது. மலாக்காவில் காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்ற செட்டிக் குடியிருப்பை ஒட்டி இருந்த ஒரு பழைய வீட்டின் பின்பக்கத்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்தோம். வீட்டுக்காரம்மா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய்க்காரரோடு கலந்துபோன செட்டி வம்சம். நெற்றியில் விபூதி இருக்கும், இடுப்பில் சாரோங், வாயில் மலாய். சாமி பேரும் பண்டிகை பேரும் மட்டும்தான் தமிழில் வரும். என்னுடைய உடைந்த மலாயில் நான் அவரை மாக்சிக், அதாவது அத்தை என்று கூப்பிடுவேன்.

என் கணவர் ரயில் பாதையில் வேலை பார்த்தவர். மலாக்காவிலிருந்து தம்பினுக்குப் போன தண்டவாளத்தை ஜப்பான்காரன் பெயர்த்து சயாமுக்குக் கொண்டுபோனான். பெயர்த்துக் கொடுத்த ஆட்களையும் கூடவே லாரியில் ஏற்றிக்கொண்டான். சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். ஆறு வயது மகளும், பால் மறக்காத மகனும் நானும் மிச்சம்.

பசார் பக்கம் கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் வியாபாரி கிழிந்த கோணிகளைக் கொண்டுவந்து போடுவார். அண்ணன் என்ற முறையில் நானா என்று கூப்பிடுவோம். தைத்துக் கொடுத்தால் மரவள்ளிக் கிழங்கு தருவார். சில நாள் ஒரு கை அரிசிக் குருணை. அதில்தான் எங்கள் மூன்று வயிறும் ஓடியது.

ஒரு நாள் காலை மாக்சிக்கின் அடுப்பில் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தேன். விறகில்லாமல் தேங்காய் ஓடுகளை எரித்தோம். வேலைக்கு வாகாக ரவிக்கைக் கையை மேலே சுருட்டி விட்டிருந்தேன். ஓடு ஒன்று பட்டென்று வெடித்தது.

"பானாஸ்! பானாஸ்!" என்று மாக்சிக் கத்தினார். சுடுது, சுடுது என்று அர்த்தம். யாருக்கு என்று நான் திரும்பிப் பார்த்தேன். என் இடது முழங்கைக்கு மேலே ஒரு கங்கு ஒட்டிக்கொண்டு புகைந்தது. தோல் கருகும் வாடை மூக்குக்கு வந்தது. வலி வரவில்லை.

மாக்சிக் கையால் தட்டிவிட்டார். "உன் தோல் என்ன இரும்பா? ஜப்பான்காரன் பார்த்தால் உன்னையும் உருக்கித் தண்டவாளம் பண்ணிடுவான்" என்று மலாயில் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே எழுந்து என் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன்.

அந்த இடத்தில் தோல் கொஞ்சம் வெளுத்திருந்ததை நான் முன்பே பார்த்திருந்தேன். தேமல் என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது கோணி ஊசியை எடுத்து அந்த வெளுப்பின் நடுவில் வைத்து அழுத்தினேன். ரத்தம் துளிர்த்தது. எனக்கு அது யாரோ ஒருத்தியின் கை மாதிரி இருந்தது.

என்னவென்று எனக்குத் தெரியும். நான் சின்னப் பிள்ளையாகத் தோட்டத்தில் இருந்தபோது எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் ஒரு பெண்ணை, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸர் இப்படித்தான் குத்தினார். "தெரியுதா? இப்ப தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே குத்தினார். மறுநாள் லாரி வந்தது. அவள் போன பிறகு அவள் சட்டிப் பானைகளை வாசலில் போட்டு உடைத்தார்கள், பாயை எரித்தார்கள். பெருவியாதி, குஷ்டம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். அவளுடைய பையன் ஒருவன் இருந்தான். குழாயடியில் அவன் வந்தால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகுவார்கள். நானும் விலகியிருக்கிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் இன்னும் மோசமாகப் பேசிக்கொண்டார்கள். அந்த வியாதிக்காரர்களை வைத்திருக்கும் இடத்தில் சாப்பாடே இல்லை என்றார்கள். ஜப்பான்காரன் கண்ணில் பட்டால் அந்த இடம் வரைக்கும்கூடக் கொண்டுபோக மாட்டான் என்றார்கள். மெய்யோ பொய்யோ நான் அறியேன். என்னை ஏற்றிக்கொண்டு போனால் என் பிள்ளைகளுக்கு யாருமில்லை. அது மட்டும் எனக்குத் தெரியும்.

மாவுச் சாக்குத் துணியை வெட்டி ரவிக்கைக் கையோடு சேர்த்துத் தைத்து, மணிக்கட்டு வரை நீளமாக்கினேன். எனக்கென்று ஒரு தட்டு, ஒரு டம்ளர் தனியாக வைத்துக்கொண்டேன். பையனைப் பால் மறக்கடித்தேன். அவன் என் மார்பில் தலையை முட்டி முட்டி அழுதான். மகள் வந்து, "ஏம்மா தம்பிய தள்ளுற?" என்று கேட்டாள். நான் கிழங்கை மசித்துக்கொண்டே இருந்தேன்.

இனி எங்கள் சபையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்னச் சபை. வெள்ளைக்காரப் பாதிரியாரைப் பிடித்துக்கொண்டு போன பிறகு ஒரு தமிழ்ப் போதகர்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். மாதத்தின் முதல் ஞாயிறு, ஆண்டவர் நினைவாக அப்பமும் திராட்சரசமும் வாங்கும் திருவிருந்து. ஊரிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ஒரு வழக்கம் எங்களுக்குள் உண்டு. திருவிருந்தில் சேர நினைப்பவர்கள் சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் போதகர் வீட்டுக்குப் போய் வாயால் பேர் கொடுக்க வேண்டும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் அதற்குள் போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீராதவர்களும், மனசாட்சி குத்துகிறவர்களும் பேர் கொடுக்க மாட்டார்கள். ஜப்பான் காலத்தில் இதில் இன்னொரு உபயோகமும் சேர்ந்துகொண்டது. கோதுமை மாவு இல்லாததால் போதகரின் மனைவி மரவள்ளி மாவில் அப்பம் சுடுவார். எத்தனை பேர் என்று தெரிந்தால்தான் மாவு எடுக்க முடியும். திராட்சரசத்துக்குப் பதில் குலா மலாக்கா வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வைப்பார்கள். வெள்ளிக் கிண்ணத்தை ஒளித்துவிட்டதால் ஓர் எனாமல் கோப்பைதான். எல்லாருக்கும் அந்த ஒரே கோப்பை. முழங்காலிட்டிருக்கும் வரிசையில் ஒருவர் வாயிலிருந்து அடுத்தவர் வாய்க்குப் போகும்.

அதில் நான் எப்படி வாய் வைப்பேன்? எனக்கு அடுத்து முழங்காலிடுகிறவள் கைக்குழந்தைக்காரியாக இருப்பாள். ஆகவே நான் பேர் கொடுக்கவில்லை. முதல் மாதம் பையனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிச் சமாளித்தேன். அடுத்த மாதம் ஒன்றும் சொல்லாமல் கதவோரத்துக் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அதற்கடுத்த மாதம் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சபையில் ஓர் அக்கா இருந்தார். பிள்ளை இல்லாத விதவை. பெண்கள் கூட்டத்தை நடத்துகிறவர். அவருடைய காலஞ்சென்ற கணவர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். அக்காவுக்குக் குரலும் பெரிது, சரீரமும் பெரிது. யார் வீட்டில் என்ன குழம்பு என்று தெருவில் நடந்துகொண்டே சொல்லிவிடுவார். குழம்பே இல்லாத காலம் வந்ததும் அந்த மூக்கை மனுஷர் பக்கம் திருப்பிவிட்டார் என்று என் கணவர் போகுமுன் கேலி செய்வார். அந்த அக்கா ஒரு நாள் முந்தானையில் ஒரு கோழி முட்டையை முடிந்துகொண்டு என் வீட்டுக்கு வந்தார். அந்தக் காலத்தில் முட்டை என்பது சின்ன விஷயமில்லை.

"இந்தா. பையனுக்கு அவிச்சுக் குடு" என்றார். உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார். "நான் உங்கிட்ட மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"எதுக்குக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காத. கிறிஸ்மஸ் ஆராதனையில நீ பாடினப்போ ஆடு கத்துற மாதிரி இருக்குன்னு நான் சொன்னேன்ல. எவளோ வந்து உன் காதுல போட்டுட்டா. அந்தக் கோவத்துலதானே நீ பேர் குடுக்காம இருக்க?"

"எனக்குத் தெரியவே தெரியாதுக்கா."

"தெரியாதா?" அக்கா என்னை முறைத்தார். "அப்ப நானே வந்து சொல்லிட்டேனா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பல வாரத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு. அக்காவும் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, அது இல்லன்னா வேற என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்லக்கா. யார் மேலயும் எனக்குக் கோவமில்ல."

"மனுஷங்க மேல இல்லன்னா உனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல என்னமோ இருக்கு." அவர் கண் என் கைக்கு வந்தது. "இது என்ன ரவிக்கை, வெள்ளைக்காரி கவுன் மாதிரி? இந்த வெக்கையில?"

"கொசுக்கா."

கண் அறையைச் சுற்றி வந்து மூலையில் இருந்த குருணையில் நின்றது. "அரிசி எங்கேருந்து?"

"நானா குடுத்தாரு. கோணி தச்சதுக்கு."

"ம்" என்றார் அக்கா.

அந்த 'ம்' அவருக்கு முன்னால் தெருவுக்குப் போய்விட்டது. புருஷன் சயாமில் இருக்கிறான், அவள் வீட்டில் அரிசி இருக்கிறது, திருவிருந்துக்குப் பேர் கொடுக்க மாட்டேனென்கிறாள், உடுப்பும் புது மாதிரியாக இருக்கிறது. இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்துப் பார்க்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. குழாயடியில் நான் போனால் பேச்சு நிற்கும். கொஞ்ச நாளில் கோணி கொடுக்கும் அந்த நானா வந்து சந்து முனையிலேயே நின்றுகொண்டார். வாசலுக்கு வரவில்லை.

"தங்கச்சி, இனிமே கோணி வராதும்மா" என்றார். "உங்க ஆளுங்க என்னென்னமோ பேசிக்கிறாங்க. நான் யாரு, நீ யாருன்னு அல்லாவுக்குத் தெரியும். ஆனா எனக்கும் வயசுக்கு வந்த பொம்பளப் புள்ளைங்க இருக்கு." ஒரு சின்ன மூட்டைக் கிழங்கைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

அந்த மூட்டை தீர்ந்தால் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. ரவிக்கைக் கையை மேலே ஏற்றிக் காட்டினால் போதும், அந்தப் பழி அன்றைக்கே ஒழிந்துபோகும். ஆனால் லாரி வரும். நான் யோசித்து யோசித்து, என்னைக் கெட்டவள் என்றே நினைக்கட்டும் என்று முடிவுக்கு வந்தேன். கெட்டவளைப் பிள்ளைகளிடமிருந்து யாரும் பிரிக்க மாட்டார்கள். ஜெபிக்கும்போதுகூட என் இடது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டுதான் ஜெபித்தேன். வியாதியஸ்தரைப் பாளயத்துக்கு வெளியே வைக்கச் சொன்ன பழைய கட்டளையை வேதத்தில் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்தேன். ஆண்டவர் அந்த வியாதிக்காரரைத் தொட்ட இடங்களும் அதே வேதத்தில்தான் இருந்தன. அந்தப் பக்கங்கள் வேறு யாருக்கோ எழுதப்பட்டவை என்று புரட்டிவிட்டேன்.

அப்போது ஊரில் காலரா பயம் வந்தது. எல்லாரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும், போடாதவர்களுக்கு ரேஷன் கிடையாது என்று உத்தரவு. சாலையோரத்துத் திடலில் ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை. மேசைக்குப் பின்னால் ஒரு ஜப்பான் டாக்டர். ஊசி போடுவது நம் ஆள் ஒருவர், டிரஸர். பக்கத்தில் துப்பாக்கியோடு சிப்பாய்.

வலது கையை நீட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். எனக்கு முன்னால் கொஞ்சம் தள்ளி நின்ற ஒரு மலாய்க்காரப் பெண் வலது கையை நீட்டினாள். சிப்பாய் ஏதோ கத்திக்கொண்டு வந்து அவள் கன்னத்தில் அறைந்தான். "எல்லாரும் எடது கை! எடது கை!" என்று டிரஸர் பதறிப்போய்ச் சத்தம் போட்டார்.

 வரிசையை விட்டு வெளியே போக முடியாது. பையன் மாக்சிக்கிடம், மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு. முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்தார்கள்.

பின்னாலிருந்து அந்தப் பெரிய குரல் வந்தது. "என்னடி இப்படி நடுங்குற? ஊசிக்கா? ரெண்டு பெத்தவதானே நீ?" அக்கா. என் பின்னாலேயே நின்றிருக்கிறார், நான் கவனிக்கவே இல்லை. "கைய ஏத்திக்கிட்டு நில்லு, இல்லன்னா உன்னையும் அறைவான்." சொல்லிக்கொண்டே என் இடது கையைப் பிடித்து, நான் தடுப்பதற்குள் ரவிக்கைக் கையை மேலே இழுத்தார். தையல் பிரிந்தது.

அவருடைய கை அப்படியே நின்றது. கங்கு சுட்ட வடு, அதைச் சுற்றி வெளுத்த தோல். ஆஸ்பத்திரிக்காரரின் மனைவி. அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் நகத்தால் அழுத்திக் கிள்ளிப் பார்த்ததாகப் பிற்பாடு எனக்குச் சொன்னார். எனக்கு அது தெரியவில்லை. நான் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் இருந்த சத்தமெல்லாம் அடங்கிப்போயிருந்தது. இப்போது ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அந்த வாயிலிருந்து வந்தால் போதும். எனக்கு முன்னால் இன்னும் இருவர்தான்.

"ஐயோ!" என்று அக்கா கத்தினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஐயோ, எனக்குத் தலை சுத்துதே! ஊசியப் பார்த்தா எனக்கு ஆகாதே! அம்மா!"

அந்தப் பெரிய சரீரம் முழுவதும் என் மேல் சாய்ந்தது. இருவரும் புல்லில் விழுந்தோம். அவர் தலை என் இடது கையின் மேல், மேல்கையை முழுவதும் மூடிக்கொண்டு கிடந்தது. பெண்கள் கூச்சல் போட்டார்கள், பிறகு சிரித்தார்கள். சிப்பாய் ஓடி வந்து அவரைக் காலால் தள்ளினான். அக்கா அசையவில்லை. இன்னும் இறுக்கமாக என்னைப் பிடித்துக்கொண்டு, "மாட்டேன், மாட்டேன், எனக்குப் பயம்" என்று சின்னக் குழந்தை மாதிரி அழுதார். சிப்பாய்க்கே சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரும் சிரித்தார். டிரஸர் ஊசியோடு எழுந்து எங்களிடம் வந்து, "இந்த அம்மா வாய்தான் பெருசு போலிருக்கு" என்று சொல்லிவிட்டு, அக்காவின் கையில் குத்தினார். அக்காவுக்கு அடியில் மாட்டியிருந்த நான் வெளியே இருந்த வலது கையை நீட்டினேன். அதிலும் குத்திவிட்டு, "எந்திரிங்க, எந்திரிங்க, போங்க" என்றார்.

திடலைத் தாண்டும் வரை அக்கா என் தோளைக் கட்டிக்கொண்டு நொண்டிக்கொண்டே வந்தார். தாண்டிய பிறகு கையை எடுத்தார். "முந்தானையால மூடிக்க" என்றார்.  தன் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்துவிட்டார்.

அதற்குப் பிந்திய நாட்களை எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். லாரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினேன். தெருவில் என்னவோ வேறு பேச்சுத்தான் நடந்தது. ஊசிக்கு மயங்கி விழுந்த அக்காவைப் பற்றி ஊரே சிரித்தது. சிறுபிள்ளைகள்கூட அவரைப் பார்த்து, "மாட்டேன், எனக்குப் பயம்" என்று பாடினார்கள். யார் வாயையும் அடக்கும் அந்த மனுஷி தலையைக் குனிந்துகொண்டு போனார் என்று மாக்சிக் வந்து ஆச்சரியமாகச் சொன்னார்.

சனிக்கிழமை மத்தியானம் போதகரே என் வாசலில் வந்து நின்றார். லாரியும் கூட வந்திருக்கிறதா என்று அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன்.

"நாளைக்குத் திருவிருந்துல உங்க பேரும் இருக்கும்மா" என்றார்.

"நான் பேர் குடுக்கலயே ஐயா."

"அக்கா வந்து குடுத்துட்டாங்க."

"ஒருத்தர் பேரை இன்னொருத்தர் குடுக்கலாமா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். இந்தச் சபையில யாரும் அப்படிச் செஞ்சதில்லன்னேன். 'அப்ப இன்னைக்கு ஆரம்பிங்க'ங்கிறாங்க. என்ன விஷயம்னு கேட்டா, 'ஆண்டவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்களுக்கு எதுக்கு?'ன்னு என்னையே விரட்டுறாங்க." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அவங்க அழுதாங்கம்மா. உங்களைப் பத்திப் பேசுனது பொய்னு சொன்னாங்க. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல" என்றார்.

சொல்லவில்லை. அக்கா சொல்லவில்லை.

வரமாட்டேன் என்று சொல்லி அவரை அனுப்பியிருக்கலாம். ஆனால் வரமாட்டேன் என்று சொன்னால் அக்கா புல்லில் விழுந்தது வீணாகப் போகும் என்று தோன்றியது. வருகிறேன் என்று சொன்னாலோ, திருவிருந்தின் கடைசியில் கோப்பையில் மீதியிருப்பதைக் குடிக்க வேண்டியவர் போதகர்தான். மிச்சம் வைக்கக் கூடாது, கொட்டவும் கூடாது. தெரியாமல் அவரைக் குடிக்க வைக்க எனக்கு மனம் வரவில்லை. முந்தானையை எடுத்தேன். ரவிக்கைக் கையை நானே ஏற்றினேன். பகல் வெளிச்சத்தில், இன்னொரு மனுஷர் முன்னால்.

போதகர் ஓர் அடி பின்னால் வைத்தார். அதை நான் மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் அவரும் பிள்ளைகுட்டிக்காரர். அப்படியே நின்றார். அவருடைய நெற்றியில் வியர்வை வந்தது. பிறகு அந்த அடியை முன்னால் எடுத்து வைத்தார்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கும்மா" என்றார். "ஆனா கடைசியா வாங்க. எல்லாரும் குடிச்ச பிறகு. மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

மறுநாள் எல்லாரும் முன்னால் போய் வந்த பிறகு நான் எழுந்தேன். கடைசிப் பெஞ்சிலிருந்து முன்னால் வரைக்கும் நடக்க வேண்டும்.  எல்லாத் தலையும் என்னோடு திரும்பி வந்ததை முதுகில் உணர்ந்தேன். தனியாக முழங்காலிட்டேன். அப்பத்தை வாங்கினேன். 

அப்போது பின்னால் பலகைத் தரை முனகியது. யாரோ கனமாக நடந்து வந்து என் பக்கத்தில், இடது பக்கத்தில், தோளோடு தோள் உரச முழங்காலிட்டார்கள். அக்கா. எப்போதும் முதல் வரிசையில் முதல் ஆளாகப் போகிறவர் அன்றைக்கு அதுவரை எழுந்திருக்கவே இல்லை.

போதகர் அவரைப் பார்த்தார். எனக்குப் பிறகு குடிக்கத்தான் அக்கா காத்திருந்தார் என்று போதகருக்குப் புரிந்துவிட்டது. கோப்பை அவர் கையிலேயே நின்றது.

"எனக்கு இன்னும் குடுக்கல ஐயா" என்றார் அக்கா. மெதுவாகச் சொல்வதாக நினைத்துச் சொன்னார். சபை முழுவதும் கேட்டது.

நான் குடித்தேன். வெல்லத் தண்ணீரின் இனிப்பு நாக்கில் பட்டதும் என்னை அறியாமல் விம்மல் வந்துவிட்டது. போதகர் கோப்பையின் விளிம்பைத் துடைக்கத் துணியை எடுத்தார். அதற்குள் அக்கா கையை நீட்டி, நான் வாய் வைத்த பக்கமாகவே கோப்பையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். தலையை அண்ணாந்து கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்துவிட்டுக் காலிக் கோப்பையைப் போதகரிடம் நீட்டினார். அவருக்கென்று மிச்சம் ஒன்றும் வைக்கவில்லை.

வெளியே வந்ததும் போதகர், "ஏன்மா இப்படிப் பண்ணுனீங்க? அது என் பங்கு இல்லையா?" என்று மெல்லக் கேட்டார்.

"குலா மலாக்கா பாத்து எத்தனை நாளாச்சு ஐயா" என்றார் அக்கா. "விட மனசு வரல."

போதகர் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "உன்னப் பத்தி ஊரெல்லாம் போய்ப் பேசுன வாய் இது. வேற எதைக் குடுத்துக் கழுவுறது?" என்றார். நான் அவர் கையைப் பிடிக்கப் போய்ச் சட்டென்று பின்வாங்கினேன். அவரே பிடித்துக்கொண்டார்.

அடுத்த நாள் நேராக நானாவின் கடைக்குப் போய், பத்துப் பேர் முன்னால், "தப்பாப் பேசிட்டேன், நானா. நாக்கு என்னுது, தப்பு என்னுது" என்று சொல்லியிருக்கிறார். கோணி மறுபடியும் வந்தது, இந்தத் தடவை வாசல் வரைக்கும்.

என் கணவர் திரும்பி வரவில்லை. சயாமில் எந்த இடத்தில் என்றும் தெரியாது. ஜப்பான்காரன் போய் ஆஸ்பத்திரிகள் ஒழுங்குக்கு வந்த பிறகு நானாகவே போய் டாக்டரிடம் கையைக் காட்டினேன். அனுப்பிய இடத்துக்குப் போனேன். அங்கே சில வருஷம் இருந்து, மாத்திரை சாப்பிட்டு, குணமாகித்தான் வந்தேன். அதுவரை என் பிள்ளைகளை வளர்த்தது அக்கா. அவருக்கு அந்த வியாதி கடைசி வரை வரவில்லை. வரவில்லை என்பதால் அவர் அன்று செய்தது சின்னதாகிவிடாது.

எழுதி முடித்ததை என் மகளுக்கும் அவளுடைய சிநேகிதி ஒருத்திக்கும் வாசித்துக் காட்டினேன். சிநேகிதி, "கோப்பை வாயில பட்டதும் அந்தப் புள்ளி மறஞ்சு போச்சுன்னு எழுதுங்களேன், படிக்கிறவங்களுக்கு விசுவாசம் வரும்" என்றாள். மறையவில்லை அம்மா. பல வருஷம் இருந்தது. மாத்திரையில்தான் போனது, அந்த மாத்திரைக்கும் நான் கர்த்தரைத் துதிக்கிறேன். என் மகளோ, "அக்காவ இவ்வளவு வாயாடியா எழுதாதம்மா, நம்மள வளத்தவங்க" என்று கண் கலங்கினாள். அவர் வாயாடிதான். அந்த வாய்தான் கோப்பையில் பட்டது.

ஆகவே வாசிக்கிறவர்களே, இதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள், கையால் எழுதியும் கொடுங்கள். ஒன்றையும் கூட்ட வேண்டாம். போதகர் பின்னால் வைத்த அடியையும் அக்காவின் அந்த 'ம்'மையும் எடுத்துவிடவும் வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.